சமையல் படிப்பு என்று சிரித்தோமே

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளின் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோவையில் எம்.எஸ்சி. ஊட்டச்சத்து, இரண்டாம் ஆண்டு. வழக்கமாக வந்ததும் நேராக அடுக்களைக்குள் போகிறவள், அன்று கையில் நோட்டும் போனுமாக என் மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். 'வெல்னஸ் கோச்சிங்' என்று ஒரு பாடமாம். நாள்பட்ட நோய் உள்ள ஒருவரோடு ஆறு முறை உட்கார்ந்து பேச வேண்டும். அவர் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்து, வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து கேட்பார்கள். மார்க் அதற்குத்தான். என் மனைவிக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை. ஆள் தேடி அலைய வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"காலைல எந்திரிச்சதுல இருந்து உங்க நாள் எப்படிப் போகுதுங்க அமுச்சி?" என்று ஆரம்பித்தாள்.

"எப்படிப் போகும்? நடக்கப் போன்னு சொன்னாக் கேக்கறதில்ல" என்றேன் நான்.

"பொழுதோட டீக்கு என்னங்க சாப்பிடுவீங்க?"

"ரெண்டு வருக்கி. டாக்டர் வேண்டாம்னு சொல்லி ஆறு வருஷம் ஆச்சு" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன்.

மூன்றாவது கேள்விக்கும் நான் வாயைத் திறக்கவே, "அப்புச்சி, நீங்க செத்த நேரம் திண்ணைல உக்காந்துக்கறீங்களா?" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பறையில் மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னவன் நான். போய் உட்கார்ந்தேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பேத்தி அதிகம் பேசவில்லை. கேட்கிறாள், பிறகு சும்மா இருக்கிறாள். அவள் சும்மா இருக்க இருக்க என் மனைவி பேசினாள். ஒறம்பரை வந்தால் அவர்களுக்குத் தட்டு வைத்துவிட்டுத் தான் மட்டும் வெறும் டீயோடு உட்கார்ந்தால், எல்லோரும் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்களாம். "பாவம்" என்கிறார்களாம். அந்த ஒரு சொல்லுக்காகவே வருக்கியை எடுத்துக் கடித்துவிடுகிறாளாம். பதினொரு வருஷத்தில் எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை. (அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

இந்தப் பெண்ணுக்கு இப்படிக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தபோது, இது அமெரிக்காவிலிருந்து புதுசாக வந்து இறங்கிய சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. மீதிப் பாதியின் வேர் நம் கோவையிலேயே இருக்கிறது.

திருப்பூரில் 1903இல் பிறந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டம் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1930இல் ராமகிருஷ்ணர் வழியில் வித்யாலயாவைத் தொடங்கினார். 1934இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். தமிழில் கலைக்களஞ்சியம் வருவதற்கு அவர் பட்டபாடு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். அவர் 1957இல் கோவையில் பெண்களுக்கென்று ஒரு மனையியல் கல்லூரி தொடங்கினார்.

டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932லேயே இருந்தது. ஆனால் கொங்கு நாட்டில் பெண்பிள்ளை பத்தாவது முடித்தாலே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடும் காலத்தில், பெண்களுக்குக் கல்லூரி, அதிலும் வீட்டையும் சோற்றையும் பாடமாக வைத்து ஒரு பட்டம் என்றால் ஊர் என்ன சொல்லும்? "சமையல் படிப்பு" என்றது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்த வயதில், நண்பனின் தங்கை மனையியலில் சேர்ந்ததைக் கேட்டு, "ரசம் வெக்கறதுக்கு மூணு வருசமா?" என்று சிரித்தவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கல்லூரியை உருவாக்கியவர்களில் பெரிய பெயர் டாக்டர் ராஜம்மாள் பி. தேவதாஸ். 1919இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். மத்திய அரசில் பணியாற்றிவிட்டுக் கோவைக்கு வந்து, கல்லூரி முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபோது முதல் துணைவேந்தரும் அவர்தான். 1992இல் பத்மஸ்ரீ. 2002இல் மறைந்தார். ஊட்டச்சத்து நிபுணர் என்றுதான் அவரைச் சொல்கிறார்கள். ஆனால் மனையியலை எப்படிக் கற்பிப்பது என்றும் அவர் தனியாக நூல் எழுதியிருக்கிறார். ஆசிரியர் பயிற்சி படித்தவன் என்பதால் எனக்கு அவரைப் பற்றிப் பிடித்த விஷயம் அதுதான். சத்து எதில் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது ஒரு படிப்பு. அதை இன்னொருவர் வீட்டு அடுப்பு வரைக்கும் கொண்டுபோவது வேறு படிப்பு. இந்த இரண்டாவதையும் பட்டப் படிப்புக்குள் கொண்டுவந்த துறை மனையியல்.

மனையியலில் ஐந்து கிளைகள் சொல்வார்கள். உணவும் ஊட்டச்சத்தும், குழந்தை வளர்ச்சி, துணியும் உடையும், குடும்ப வள மேலாண்மை, கடைசியாக விரிவாக்கக் கல்வி. நம் கதைக்கு வேண்டியது இந்தக் கடைசிதான். விரிவாக்கம் என்ற சொல் கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1971இல் பல்கலைக்கழகமான நம் வேளாண் கல்லூரி இருக்கும் ஊர் இது. ஆராய்ச்சிக் கழனியில் கண்டுபிடித்ததைக் குடியானவன் காட்டுக்குக் கொண்டுபோவதுதான் விரிவாக்கம். புது விதையைப் பற்றி மேடை போட்டுப் பேசினால் எந்தக் கவுண்டரும் நம்பமாட்டார். காட்டு மூலையில் கால் ஏக்கரில் விதைத்துக் காட்ட வேண்டும். அதே வழியில் மனையியல் மாணவிகளும் ஊருக்குள் போனார்கள். வீடு வீடாகப் போவது, தாய்மார்களைக் கூட்டுவது, அவர்கள் கண் முன்னால் சமைத்துக் காட்டுவது எல்லாம் படிப்போடு சேர்ந்தவை. காரமடை வட்டாரத்தில் விவேகானந்தபுரத்தில் இருக்கும் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் மையம் இன்றும் அந்த வழியில் வந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. மாணவிகள் ஒரு பத்துப் பேர், கூட ஒரு பேராசிரியை அம்மா. பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து, முருங்கைக் கீரையும் பாசிப்பருப்பும் போட்டு ஒரு கஞ்சி செய்து காட்டினார்கள். மூன்று வண்ணத்தில் உணவுப் படம் போட்ட அட்டையும் இருந்தது. தாய்மார்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர் மக்கள் வாத்தியாருக்கும் அதிகாரிக்கும் தலையாட்டுவதில் கைதேர்ந்தவர்கள்.

ஒரு கிழவி மட்டும் கேட்டார்: "எல்லாஞ் செரித்தான் கண்ணு. காட்டுல இருந்து வந்து அடுப்புப் பத்த வெக்கறதுக்குள்ள கொழந்த தூங்கிருதே. தூங்கற கொழந்தைக்கு எப்படி ஊட்டறது?"

மாணவி நோட்டைப் பார்த்தாள். நோட்டில் அதற்குப் பதில் இல்லை. அப்போது அந்தப் பேராசிரியை அம்மா நாற்காலியில் இருந்து இறங்கிக் கீழே, தாய்மார்களோடு உட்கார்ந்துகொண்டார். "நீங்களே சொல்லுங்க, இந்த ஊருல என்ன பண்ண முடியும்?" என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. காலையிலேயே ராகிக் கூழ் காய்ச்சி வைத்துவிட்டுப் போவது, மூணு நாலு மணிக்கு வீட்டில் இருக்கும் பாட்டி ஊட்டிவிடுவது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். அட்டையில் இருந்த கஞ்சியை அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் செய்து நான் பார்க்கவில்லை. கூழ் நிலைத்தது.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து விரிவாக்கப் பணியின் பெருமையும் குறையும் இந்த ஒரு மத்தியானத்தில் இருக்கின்றன. வீட்டு வாசல் வரை போனார்கள். ஆனால் சொல்லத்தான் போனார்கள். கேட்பது அந்த அம்மாவைப் போன்ற கெட்டிக்காரர்கள் தாமாகக் கற்றுக்கொண்ட கலையாக இருந்தது. அதைப் பாடமாக்கி அடுத்தவருக்குக் கொடுக்க அப்போது நல்ல வழி இல்லை.

வழி தேடியவர்கள் இல்லாமல் இல்லை. பழனி தாண்டினால் திண்டுக்கல், அதன் பக்கத்தில் காந்திகிராமம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான டாக்டர் சௌந்தரம், தன் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947இல் தொடங்கியது. 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு சுகாதாரச் சோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 1964இல் கிராம சுகாதார, குடும்ப நல நிறுவனம் வளர்ந்தது. பட்டதாரிகளுக்குச் சுகாதாரக் கல்வியில் பட்டயம் கொடுத்த இடம் அது. ஊசி போடவோ மருந்து எழுதவோ அல்ல, மக்களோடு பேசுவதற்கு ஒரு மேற்படிப்பு! குடும்பக் கட்டுப்பாடு போன்ற ஒரு விஷயத்தைக் கிராமத்தில் பேச வேண்டுமானால், யார் பேசுகிறார், யாரிடம் முதலில் பேசுகிறார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதெல்லாம் கணக்கு என்பதை அந்தப் படிப்பு எடுத்துக்கொண்டது.

அடுத்தது அரசே செய்த பெரிய காரியம். நான் வேலையில் சேர்ந்தது 1984. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சத்துணவின் புகழில் இன்னொரு திட்டம் மறைந்துபோனது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980இல் உலக வங்கிக் கடனில் வந்தது. மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு அடிப்படை. சோறு இல்லாததால் மட்டும் குழந்தை மெலிவதில்லை. சோறு இருக்கிற வீட்டிலும், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், எப்போது என்ன கொடுப்பது என்ற பழக்கத்தால் மெலிகிறது என்று அது சொன்னது. வயிற்றுப்போக்கு என்றால் பட்டினி போடுவது நம் வீடுகளிலேயே நடந்ததுதானே.

ஆகவே மாதா மாதம் எடை. அட்டையில் கோடு. கோடு ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. அந்த நாட்களில் தாயோடு பேச்சு. பேசுகிறவர் யார் என்பதில்தான் அவர்கள் புத்திசாலித்தனம். அதே ஊர்ப் பெண். கூடுமானவரை ஏழை வீட்டுப் பெண், ஆனால் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவள். அந்தக் குழந்தைதான் அவளுக்குச் சான்றிதழ். "எனக்கும் உன்ன மாதிரிதான், நான் என்ன பண்ணினேன்னா..." என்று பேச்சைத் தொடங்க அவளால் முடியும். என்னால் முடியாது. என்னால் முடியாது என்பதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, கை கால் குச்சியாக இருக்கும். மதியம் சாப்பிட்டவுடன் தூங்கிவிடும். அம்மா பஞ்சாலையில் அரைநைட் பார்க்கிறவர். ஒரு நாள் அவரை வரச்சொல்லி, மற்றப் பெற்றோர் இருக்கும்போதே பேசினேன். முட்டை, பால், கீரை, நேரத்துக்குத் தூக்கம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருந்த எல்லாம் சரிதான். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு "செரிங் சார்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து குழந்தை வரவில்லை. தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே பள்ளியில் சேர்ந்ததா என்பதைக் கடைசி வரை என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை. அரைநைட் முடிந்து வருகிறவருக்குக் காலையில் என்ன முடியும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 'கோச்' என்ற சொல் உடல்நலத்துக்குள் எப்படி வந்தது? விளையாட்டு மைதானத்துச் சொல் அது. 2002இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 3,234 பேர். ஒரு பகுதியினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொரு பகுதியினருக்கு ஆளுக்கொரு 'லைஃப்ஸ்டைல் கோச்', பதினாறு பாடம், நடை, எடைக் குறைப்பு. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 31 சதவீதம் குறைந்தது. கோச் வைத்தவர்களிடம் 58 சதவீதம். உலகம் முழுக்க இந்த வேலைக்கு மரியாதை வந்தது இதற்குப் பிறகுதான்.

நம் ஊரிலும் செய்தார்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவும் நடையும் பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களிடம் 28.5 சதவீதம் குறைவு, மாத்திரைக்காரர்களிடம் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள், கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்க எண்ணை விடச் சிறிது என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சு மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கிறது. 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று சொன்ன பிறகு இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பேச்சு என்றால் எந்தப் பேச்சு? அதற்கு நார்வே போக வேண்டும். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்கன் நகரத்துப் பக்கம் போயிருந்தார். குடிநோயாளிகளிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று அங்கிருந்த இளைஞர்கள் நடித்துக் காட்டச் சொன்னார்கள். நடுநடுவே நிறுத்தி, "ஏன் இந்தக் கேள்வி கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?" என்று குடைந்தார்கள். தனக்கே தெரியாமல் தான் செய்துவந்ததை அவர் அப்போதுதான் எழுத்தில் வைத்தார். 1983இல் கட்டுரை, 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து புத்தகம். மாணவர்கள் கேட்ட கேள்வியால் ஆசிரியருக்குத் தன் பாடம் விளங்கிய கதை. நம் தொழில்காரர்களுக்கு இது புரியும்.

அதன் சாரத்தை நம் தமிழில் சொல்வது சுலபம். 'ரெண்டு மனசா இருக்கு' என்று சொல்கிறோமே, அதுதான் அடிப்படை. பழக்கத்தை மாற்ற வேண்டியவர் எவருக்கும் இரண்டு மனசு. மாற வேண்டும் என்று ஒன்று, இப்படியே இருக்கட்டும் என்று இன்னொன்று. நாம் போய் மாறவேண்டிய பக்கத்துக்கு வக்காலத்து வாங்கினால், அவர் மிச்சமிருக்கும் பக்கத்துக்கு வாதாட ஆரம்பித்துவிடுவார். வருக்கி வேண்டாம் என்று நான் ஆறு வருஷம் வாதாடினேன். வருக்கிக்கு என் மனைவி ஆறு வருஷம் வாதாடினாள். மாறவேண்டும் என்பதை அவர் வாயால் அவரே சொல்ல வைப்பதுதான் திறமை.

இதை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பேத்தியிடம் கேட்டேன். எனக்கு அடையாளம் தெரிந்தது! நாங்கள் பயிற்சிப் பள்ளியில் செய்த மைக்ரோ டீச்சிங்தான். ஐந்து நிமிஷப் பாடம், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறித்துக்கொள்வார், குறை சொல்வார், மறுபடி அதே பாடத்தை நடத்த வேண்டும். இங்கே மூவர் மூவராக உட்காருகிறார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் கோச், ஒருவர் கவனிப்பவர். கவனிப்பவர் எண்ணுகிறார். ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வி எத்தனை, விரித்துச் சொல்லவைக்கிற கேள்வி எத்தனை, அவர் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொன்னது எத்தனை, கேட்காமலே புத்தி சொன்னது எத்தனை. ஒரு கேள்வி கேட்டால், அவர் சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வது இரண்டாவது இருக்க வேண்டும் என்பது நல்ல அளவாம். என் முப்பத்து நான்கு வருஷத்தை அந்த அட்டவணையில் போட்டால் கடைசிக் கட்டம் மட்டும்தான் நிறையும்.

பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மில்லரே 2004இல் 140 பேரை வைத்துச் சோதித்தார். பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு அவர்கள் பேச்சைக் கேட்டுக் கருத்துச் சொல்லி, கூடவே தொடர்ந்து வழிகாட்டியும் வந்த குழுவில்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியின் பேச்சிலும் மாற்றம் தெரிந்தது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்த ஆசிரியர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

மேல்நிலைத் திறமை என்று அவள் சொன்னதில் ஒன்று என்னைச் சுட்டது. "இதை மாத்திக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார்களாம். நாலு என்று சொன்னால், நானாக இருந்தால் ஏன் பத்து இல்லை என்று கேட்பேன். வாத்தியார் புத்தி, மார்க் குறைந்தால் ஏன் குறைந்தது என்றுதான் கேட்கத் தெரியும். அவர்கள் கேட்பது, "ஏனுங்க ரெண்டு சொல்லாம நாலு சொன்னீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் தன் வாயாலேயே மாறுவதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறார்.

மருத்துவப் படிப்பு இதற்கு இடம் கொடுக்க நெடுநாள் எடுத்துக்கொண்டது. நோயாளியோடு பேசுவது, நடந்துகொள்வது பற்றிய 'ஏட்காம்' பாடம் எம்.பி.பி.எஸ்.ஸில் கட்டாயமானது 2019இல்தான். கோவையில் சமையல் படிப்பு தொடங்கி அறுபத்திரண்டு வருஷம் கழித்து.

இரண்டு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. முதலாவது, இன்று கோவையில் தெருவுக்கு ஒரு 'வெல்னஸ் கோச்' போர்டு. அப்படிப் போர்டு மாட்டுகிறவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. காலையில் கூடிப் பொடி கரைத்துக் குடித்து, நாலு பேரைச் சேர்த்துவிட்டால் நீங்களும் கோச். விற்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. 2021இல் துணைமருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்து, ஊட்டச்சத்து நிபுணர்களும் அதன் கீழ் வருகிறார்கள். போர்டுகள் எப்போது இறங்கும் என்று பார்ப்போம்.

இரண்டாவது, பாடப்புத்தகத்தில் கோச்சும் நோயாளியும் ஓர் அறையில் தனியாக உட்காருகிறார்கள். நம் ஊரில் நோயாளி தனி ஆள் இல்லை. அரிசி வாங்குவது ஒருவர், சமைப்பது ஒருவர், சர்க்கரை இன்னொருவருக்கு. மருமகள் வைக்கிற குழம்பில் மாமியாரின் இலட்சியத்தை எங்கே போய் எழுதுவது? வாசல் வரை போன அந்தப் பழைய மனையியல்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறார். அவருக்குப் பேத்தி படிக்கிற பாடத்தில் கால்வாசி கிடைத்தாலும் போதும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவர் பார்க்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்டபிறகு, உட்கார்ந்து பேசச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவியோடு நான்கு முறை பேசி முடித்திருக்கிறாள். அவள் பத்துக்கு நாலுதான் சொன்னாளாம். ஏன் ரெண்டு இல்லை என்று கேட்டதற்கு, "கண்ணு போயிருச்சுன்னா பேரன் மொகத்தப் பாக்க முடியாதில்ல" என்றாளாம். முடிவு அவளே எடுத்தது: ஒறம்பரை வந்தால் தட்டில் தனக்கும் நிலக்கடலை வைத்துக்கொள்வது, கையில் எதுவோ இருந்தால் யாரும் பாவம் பார்ப்பதில்லையாம். பொழுதோட எதிர்வீட்டு அக்காவோடு மாரியம்மன் கோயில் வரை நடப்பது. மூன்றாவது ஒன்றும் நோட்டில் இருந்தது. அதை மட்டும் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள் பேத்தி: அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பேசக் கூடாது.

மூன்று மாதச் சராசரி போன தடவை 8.9. அடுத்த பரிசோதனை வருகிற மாதம். அதற்கு முன் ஐந்தாவது முறை இருக்கிறது, இந்த ஞாயிறு. இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்காரச் சொல்லியிருக்கிறாள். கேள்வி எனக்கும் சேர்த்துத்தானாம்.